பாட்டியின் கோட்டும் என் ஊசியும்

ஃபர் கோட் என்றதும் நம்மில் பல பேருக்குச் சட்டென்று ஞாபகம் வருவது சினிமா. காஷ்மீர் பனியில் ஹீரோயின் மெல்லிசுப் புடைவையில் நடுங்கிக்கொண்டே டூயட் பாட, ஹீரோ மட்டும் கழுத்து வரை ரோமம் வைத்த கோட்டில் சௌகரியமாக வருவார். தயாரிப்பாளரின் கருணை அவ்வளவுதான். அந்தக் கோட் கிழிந்து நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நிஜத்தில் கிழியும் சார். அக்குளில் கிழியும், பாக்கெட் ஓரத்தில் கிழியும், கொக்கி தைத்த இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். கிழிந்தால் தைக்க வேண்டும். எப்படி என்று எனக்குத் தெரியும். சென்னையில் பிறந்த ஒரு அக்கவுன்ட்ஸ் ஆசாமிக்கு இது எதற்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றால், அதற்கு 1998 ரஷ்யாவைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

அந்த வருஷம் ஆகஸ்ட் 17-ந் தேதி ரஷ்ய அரசாங்கம் கையை விரித்துவிட்டது. அதுவரை ஒரு டாலருக்கு 6 ரூபிள் சில்லறை. டிசம்பர் கடைசியில் 20 ரூபிளுக்குமேல். அதாவது கையில் இருந்த சம்பளம் அப்படியே இருக்க, கடையில் இருந்த சாமான் மூணு மடங்கு தூரத்துக்குப் போய்விட்டது. நான் அப்போது மாஸ்கோவில் ஒரு இந்தியக் கம்பெனியின் கிளை ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சொகோல் மெட்ரோ ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு பாட்டியின் ஃப்ளாட்டில் ஒரு ரூம் வாடகைக்கு. ரஷ்ய மொழியில் பாட்டிக்கு 'பாபுஷ்கா.' நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அவள் என்னை 'ஸினோக்' என்பாள். 'மகனே' என்று அர்த்தம். கோபம் வந்தாலும் அதே ஸினோக்தான், சுருதி மட்டும் மாறும்.

பாட்டியின் பென்ஷன் சில நூறு ரூபிள். ஆகஸ்டுக்கு அப்புறம் அது ரொட்டிக்கும் உருளைக்கிழங்குக்கும் சரியாகப் போய்விட்டது. மருந்துக்கு? அதற்காக அவள் சாயங்காலம் மெட்ரோ வாசலில் போய் நிற்பாள். தானே பின்னிய கம்பளி சாக்ஸ், ஜாடியில் போட்ட வெள்ளரி ஊறுகாய், இதுதான் சரக்கு. அந்த நாளில் மாஸ்கோவில் எந்த மெட்ரோ வாசலிலும் இப்படிப் பாட்டிகள் வரிசையாக நிற்பார்கள். பனியில் மூணு மணி நேரம், நாலு மணி நேரம். அந்த நவம்பரில் குளிர் சீக்கிரமே வந்து சேர்ந்தது. மைனஸ் 15. அந்தக் குளிரில் கோட்டில் ஒரு விரல் நீளக் கிழிசல் என்பது, மழைக்காலத்தில் நம் வீட்டுக் கூரையில் ஒரு ஓடு நழுவின மாதிரி. அந்த வழியாகத்தான் எல்லாம் உள்ளே வரும்.

பாட்டியின் கோட்டில் கிழிசல் ஒரு சாண்.

கோட்டைப் பற்றிச் சொல்கிறேன். மிங்க், நரி, சேபிள் என்று சீமாட்டிகள் போடுகிற ரகமெல்லாம் இல்லை. 'ட்ஸிகெய்க்கா' என்பார்கள். ஆட்டுத்தோல். ரோமத்தை ஒரே மட்டமாகக் கத்தரித்து, கறுப்புச் சாயம் ஏற்றியது. சோவியத் காலத்தில் டீச்சரம்மா, நர்ஸம்மா, குழந்தை குட்டி எல்லோரும் போட்டது. கனம் என்றால் அப்படி ஒரு கனம், தோளில் அரிசி மூட்டை வைத்த மாதிரி. ஆனால் உழைக்கும். பாட்டி அதை 1971-ல் தைத்திருக்கிறாள். நான் சைவம் என்பதால் முதலில் அதைத் தொடவே ஒரு மாதிரியாக இருந்தது. பிறகு யோசித்தேன். அந்த ஆடு ப்ரெஷ்னேவ் காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது. இனிமேல் இதைத் தைத்துப் போட்டுக்கொள்வதால் புதிதாக ஒரு ஆடு சாகப் போவதில்லை. இந்தக் கணக்கு எனக்கு இன்றைக்கும் சரியாகத்தான் படுகிறது. பிரிட்டனில் 2003 முதல் ரோமத்துக்காகப் பிராணி வளர்ப்பதே சட்டப்படி கூடாது. நெதர்லாந்தில் 2021-ல் மிங்க் பண்ணைகளை மூடிவிட்டார்கள். நல்ல காரியம். புதுசு வாங்குவதைப் பற்றி எத்தனை சண்டை வேண்டுமானாலும் போடலாம். பழசைத் தைப்பதில் என்ன சண்டை?

பாட்டி ரிடையர் ஆகும்வரை ஒரு தையல் கூடத்தில் ஃபர் பிரிவில் வேலை பார்த்தவள். 'அத்தல்யே' என்று அங்கே அந்தக் கூடங்களுக்குப் பெயர். அப்படிப்பட்டவள் தன் கோட்டைத் தானே தைக்க வேண்டியதுதானே என்பீர்கள். கண்ணில் புரை. நவம்பரில் மாஸ்கோவில் சாயங்காலம் நாலு மணிக்கே சூரியன் கடையைக் கட்டிவிடும். டியூப்லைட் வெளிச்சத்தில் கறுப்புக் கோட்டில் கறுப்பு நூல். ஊசிக் காதே தெரியவில்லை அவளுக்கு. வெளியே தைக்கக் கொடுத்தால் ரெண்டு மாசப் பென்ஷன் காலி. "ஸினோக், உனக்குக் கண் இருக்கு. எனக்கு மூளை இருக்கு. உட்கார்" என்றாள். திருவல்லிக்கேணி மேன்ஷனில் சட்டைப் பட்டன் தைத்த அனுபவம் எனக்கு ஆறு வருஷம். உட்கார்ந்தேன்.

நான் கிழிசலை வெளிப்பக்கம் ரோமத்தை விலக்கிப் பார்க்க ஆரம்பித்ததும் பாட்டி கோட்டைப் பிடுங்கி உள்ளும் வெளியுமாகத் திருப்பிப் போட்டாள். ஃபர் கோட் ரிப்பேரில் முக்கால்வாசி வித்தை இதுதான். ரோமம் கிழிவதில்லை. கிழிவது அதன் அடியில் இருக்கும் தோல். தொழில்காரர்கள் அந்தப் பக்கத்துக்கு 'மெஸ்த்ரா' என்பார்கள். வேலை முழுவதும் அந்தப் பக்கம்தான். ஆகவே முதலில் லைனிங் துணியின் அடி ஓரத்தில் தையலைப் பிரித்து, கையை உள்ளே விட்டு, கிழிந்த இடத்தை வெளியே இழுக்க வேண்டும்.

அடுத்தது பரீட்சை. கிழிசலுக்குப் பக்கத்தில் தோலை ரெண்டு கை விரல்களால் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்ப்பது. தோல் கொஞ்சம் நீண்டு கொடுத்தால் உயிர் இருக்கிறது, தைக்கலாம். அப்பளம் மாதிரி மொறுமொறுத்துப் பிளந்தால் ஊசியைக் கீழே வைத்துவிட வேண்டியதுதான். செத்த தோலில் போடுகிற ஒவ்வொரு தையலும் தபால்தலை ஓரத்தில் துளை போடுகிற மாதிரி. நூல் பலமாக இருக்கும், தோல் அந்தத் துளை வழியாகவே அழகாகப் பிரியும்.

கோகல் என்ற ரஷ்ய எழுத்தாளர் 1842-ல் வெளியிட்ட 'ஓவர்கோட்' கதையில் இந்த சீன் வரும். அவர் காட்டுவது துணிக் கோட். குமாஸ்தா அக்காக்கி அக்காக்கியெவிச் தன் பழைய கோட்டை ஒட்டுப் போடச் சொல்லிக் கெஞ்ச, தையற்காரன் முடியவே முடியாது, துணி மக்கிவிட்டது என்று கைவிரிப்பான். கடைசியில் புதுக் கோட்டுக்கு மனுஷர் ராத்திரி டீயை நிறுத்திக் காசு சேர்ப்பார். காலருக்கு நல்ல ரோமம் வாங்கக் கட்டுப்படியாகாமல் பூனை ரோமம் வாங்குவார்கள்! ஆபீஸில் வேலை பார்க்கிற எவரும் படிக்க வேண்டிய கதை. மாசக் கடைசியில் வேண்டாம்.

பாட்டியின் கோட் பரீட்சையில் பாஸ். அக்குளில் பாதி தூரம் பழைய நூல் மக்கித் தையல் விட்டிருந்தது. அது சுலபம். மீதிப் பாதி தோலே கிழிந்திருந்தது. சுற்றிலும் தோல் கொஞ்சம் வறண்டிருந்ததால் கிளிசரினைத் தண்ணீரில் கலந்து பஞ்சில் தொட்டுத் தோல் பக்கம் மட்டும் லேசாகத் தடவச் சொன்னாள். ரோமத்தில் படக்கூடாது. ராத்திரி முழுக்க அப்படியே வைத்துவிட்டு, காலையில் ஈரம் முழுசாகக் காய்வதற்கு முன்னால் கையால் மெதுவாக இழுத்து இழுத்துவிட வேண்டும். சப்பாத்தி மாவு பதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரஷ்ய வீடுகளில் ஜன்னலுக்குக் கீழே வெந்நீர் ஓடுகிற இரும்பு ஹீட்டர் இருக்கும். அதன்மேல் போட்டால் சீக்கிரம் காயாதோ என்று கேட்டேன். பாட்டி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஈரத்தோலுக்குச் சூடு எமன். சுருங்கிக் கொம்பு மாதிரி விறைத்துவிடும், பிறகு நீட்டவே முடியாது. ஹீட்டர், அயர்ன் பாக்ஸ், ஹேர் டிரையர் மூணுக்கும் தடை.

இப்போது தையல். கனமான தோலுக்கு முனை மூணு பட்டையாக இருக்கும் தோல் ஊசி. மெல்லிய தோலுக்கு அது கூடாது. பெரிய துளை போட்டுவிடும், சாதாரண மெல்லிய ஊசியே போதும். நூலை மெழுகுவர்த்தியில் ரெண்டு தடவை இழுத்துக்கொண்டால் சிக்காது, சீக்கிரம் மக்காது. கிழிசலின் ரெண்டு ஓரத்தையும் ரோமம் உள்ளே, தோல் வெளியே இருக்கும்படி சேர்த்துப் பிடிக்க வேண்டும். எட்டிப் பார்க்கிற ரோமத்தை ஊசி முனையால் உள்ளே தள்ளி, ஓரத்தைச் சுற்றிச் சுற்றி நெருக்கமாகத் தைக்க வேண்டும். ஓரத்திலிருந்து 2 மில்லிமீட்டர் உள்ளே, அதற்குமேல் ஆழம் கூடாது. ஆழமாகப் போனால் தைத்த இடம் கயிறு மாதிரி புடைத்துக்கொண்டு நிற்கும். நூலை இறுக்கி இழுக்கவும் கூடாது. ரெண்டு ஓரமும் முத்தம் கொடுக்கிற மாதிரி தொட்டால் போதும். இந்த உவமை பாட்டியுடையது, என்னுடையது இல்லை.

தைத்து முடித்ததும் பிரித்து மட்டமாக வைத்து, கத்தரிக்கோல் பிடியால் தையலை நீவிவிட வேண்டும். அக்குள் என்பதால் கையைத் தூக்கும்போதெல்லாம் இழுபடும் இடம். அதனால் தையலின் மேல் ஒரு காட்டன் நாடாவை வைத்து ரெண்டு ஓரமும் மேலாகத் தைத்தோம். இனி இழுப்பு நாடாவுக்கு, தோலுக்கு இல்லை. பிறகு கோட்டைத் திருப்பி, தையலில் மாட்டிக்கொண்ட ரோமத்தை ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, சீப்பால் வாரினேன். ஸ்வாமி, சொன்னால் நம்ப மாட்டீர்கள். எங்கே தைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை! பாட்டி கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி, ஒரு இடத்தில் நிறுத்தி, "இங்கே ரெண்டு தையல் தூரம் அதிகம்" என்றாள். பிரித்துத் திரும்பப் போட்டேன்.

பாக்கெட் பக்கத்தில் அந்துப்பூச்சி தின்ற ஓட்டை ஒன்றும் இருந்தது, எட்டணா அளவு. சாமர்த்தியசாலிகள் வட்ட ஓட்டையை அப்படியே இழுத்துத் தைத்துவிடுவார்கள். சுற்றிலும் சுருக்கம் விழுந்து தொப்புள் மாதிரி ஆகிவிடும். பாட்டியின் முறை வேறு. ஓட்டையை இலை வடிவத்துக்கு, ரெண்டு முனையும் கூராக, ரோமம் படுத்திருக்கும் திசையிலேயே வெட்டிக்கொண்டு, அந்த ரெண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைப்பது. மட்டமாக உட்கார்ந்துவிடும். இன்னும் பெரிய ஓட்டை என்றால் ஒட்டுத்தான் வழி. ஒட்டுக்குத் தோல் எங்கே போவது? அந்தக் கோட்டிலேயே இருக்கிறது. காலருக்கு அடியில், முன்பக்க மடிப்புக்கு உள்ளே என்று யார் கண்ணிலும் படாத இடத்தில் ஒரு துண்டு எடுத்துவிட்டு அங்கே துணி வைத்துத் தைத்துவிடலாம். பேப்பரில் அளவு வெட்டி, ரோமம் எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று அம்புக்குறி போட்டுக்கொள்ள வேண்டும். தலைகீழாக வைத்த ஒட்டு பத்தடி தூரத்திலேயே காட்டிக் கொடுத்துவிடும்.

வெட்டுவதற்குக் கத்தரிக்கோல் மட்டும் கூடாது. கோட்டை மேஜையில் வைத்து அழுத்தாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தோல் பக்கத்திலிருந்து பிளேடால் தோலை மட்டும் கீறினால் அடியில் ரோமம் முழு நீளத்தோடு பிழைக்கும். கத்தரித்தால் ரோமமும் சேர்ந்து போய், புதுப் பையன் கையில் மாட்டிய சலூன் கிராப் மாதிரி படி படியாக நிற்கும்.

கை ஓரத்தில் ரோமம் தேய்ந்து வழுக்கை விழுந்திருந்தது. வழுக்கைக்கு மருந்து கோட்டிலும் கிடையாது. பழைய கையுறை ஒன்றை வெட்டி, அந்தத் தோல் பட்டையால் ஓரம் கட்டினோம். பார்க்கப் புது ஃபேஷன் மாதிரி இருந்தது.

கடைசியாக மாட்டுகிற வளையம். கழுத்துக்குப் பின்னால் உட்புறம் தைத்திருக்குமே, அது. ரஷ்யாவில் தியேட்டர், லைப்ரரி என்று எங்கே போனாலும் வாசலில் கோட்டைக் கழற்றிக் கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். வளையம் அறுந்திருந்தால் அங்கே உட்கார்ந்திருக்கும் அம்மாள் நாலு பேர் எதிரில் மானத்தை வாங்கிவிடுவாள். இந்தக் கனத்தைத் தாங்கும் வளையத்தை லைனிங்கில் மட்டும் தைத்தால் லைனிங்கோடு வந்துவிடும், உள்ளே ஒரு துணித்துண்டு வைத்துத் தைக்க வேண்டும். இன்றைக்கு டாக்டருக்குப் படிக்க ரஷ்யா போகிற நம் பையன்கள் பழைய கோட் வாங்கினால் முதலில் இந்த வளையத்தைத்தான் பார்க்கணும்.

ரெண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. திங்கட்கிழமை சாயங்காலம் பாட்டி கோட்டை மாட்டிக்கொண்டு, கையை ரெண்டு தடவை மேலே தூக்கி இறக்கிப் பார்த்துவிட்டு சாக்ஸ் பையோடு கிளம்பினாள். அன்று மைனஸ் 18. ஏழு மணி, எட்டு மணி, ஆளைக் காணோம். நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. எட்டரைக்கு வந்தாள். நாலு ஜோடி சாக்ஸ் விற்றிருந்தது. நான் நேரே போய் அவள் அக்குளுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். வேறு எந்த ஊரில் செய்திருந்தாலும் அடி விழுந்திருக்கும். தையல் அப்படியே இருந்தது. உள்ளே வெதுவெதுப்பாகவும் இருந்தது.

அடுத்த ஞாயிறு காலை காலிங் பெல். மூணாவது மாடிப் பாட்டி, கையில் பெட்ஷீட்டில் சுற்றிய ஒரு மூட்டை. எங்கள் பாட்டி அதைப் பிரித்து, திருப்பிப் போட்டு, விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"ஸினோக், கையைக் கழுவிட்டு வா. இது மிங்க்."