சோனாப்பூர் முதுகும் கம்ப்யூட்டர் முதுகும்

துபாய் சோனாப்பூரைத் தெரியாத நம்மவர்கள் குறைவு. அரசுப் பதிவில் அது முஹைஸ்னா 2. தங்க ஊர் என்று பெயர்; இருப்பதோ வரிசை வரிசையாகத் தொழிலாளர் கேம்ப்கள். லீவு நாளில் அங்கே எங்கள் ஊர் அண்ணன் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். பன்னிரண்டு வருஷமாகக் கட்டட வேலை. இடுப்புவலியால் ஏற முடியாமல், மேல்கட்டிலில் இருந்தவர் கீழ்க்கட்டிலுக்கு மாறியிருந்தார்.

"ஏன் தம்பி, முதுகெலும்பையே கம்ப்யூட்டர்ல செஞ்சு பாக்குறாங்களாமே. எவ்வளவு வெயிட் தூக்கலாம்னு அது சொல்லிடுமா?" என்று கேட்டார்.

சொல்லும். அதை எப்போது நம்பலாம் என்பதுதான் கேள்வி.

இடுப்புப் பகுதியில் ஐந்து முள்ளெலும்புகள். இடையிடையே மெத்தை போல டிஸ்க். இவற்றை ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எவ்வளவு அமுங்கும், வளையும் என்று கணக்குப் போடுவதுதான் கம்ப்யூட்டர் மாதிரி. கட்டடம், பாலம் வடிவமைக்கவும் இதே முறைதான். சாஃப்ட்வேர்காரனான எனக்கு ஒன்று தெரியும்: கணக்கைச் சரியாகப் போட்டோமா என்பது வேறு, சரியான கணக்கைத்தான் போட்டோமா என்பது வேறு. இரண்டாவதற்கு நிஜ உடம்போடு ஒப்பிட்டே ஆகணும்.

அந்த நிஜ உடம்பு எங்கே கிடைக்கும்? பெரும்பாலும் இறந்தவர்களின் முதுகெலும்பை ஆய்வகத்தில் வளைத்து அளக்கிறார்கள். அதில் தசை வேலை செய்யாது. உயிருள்ளவர் டிஸ்க்குக்குள் கருவி வைத்து அளப்பது அபூர்வம். 1960களில் ஸ்வீடனின் ஆல்ஃப் நாக்கெம்சன் செய்தார். 1999இல் ஜெர்மனியின் வில்கே குழு வெளியிட்ட அளவுகள் இன்றும் அதிகம் எடுத்தாளப்படுகின்றன. அளந்தது ஒரே ஒருவரை: 45 வயது, 70 கிலோ. நிற்கும்போது அழுத்தம் 0.5 மெகாபாஸ்கல். 20 கிலோவை முதுகை வளைத்துத் தூக்கியபோது 2.3, முழங்காலை மடக்கித் தூக்கியபோது 1.7. அந்த 2.3, கார் டயர் காற்றழுத்தத்தைப் போலச் சுமார் பத்து மடங்கு!

2014இல் வெவ்வேறு ஆய்வு மையங்களின் எட்டு மாதிரிகளை ஒரே சுமையில் ஒப்பிட்டார்கள். தனி மாதிரி எதையும் விட, எட்டும் சேர்ந்த இடைநிலை மதிப்பே அளவீடுகளுக்கு நெருக்கமாக வந்தது. எந்த ஒரு மாதிரியையும் தனியாக நம்பிவிடக் கூடாது என்பதே பாடம்.

அண்ணன் 60 கிலோ இருப்பார். தூக்கும் சிமென்ட் மூட்டை 50 கிலோ. வெயில் வேற, ஓவர்டைம் வேற. அந்த 1999 அளவீட்டில் இப்படி ஒரு முதுகும் இல்லை, இப்படி ஒரு சுமையும் இல்லை. அதனால் 'மாதிரி பாஸ்' என்று யாராவது சொன்னால், யாருடைய உடம்போடு ஒப்பிட்டு பாஸ் என்று கேளுங்கள். பயோமெடிக்கல் படிக்கும் நம் பிள்ளைகளும் இந்தக் கேள்வியை விடக் கூடாது.

அண்ணனுக்குச் சொல்ல என்னிடம் ஒரு எண் இருந்தது. அமெரிக்காவின் நியோஷ் 1991இல் திருத்திய தூக்கும் கணக்கு, எல்லாம் சாதகமாக இருந்தாலே 23 கிலோவில்தான் தொடங்குகிறது. குனிந்தால், திரும்பினால், அடிக்கடி தூக்கினால் அதுவும் குறையும்.

கேட்டுவிட்டுச் சிரித்தார். "அப்போ ஒரு மூட்டைக்கு ரெண்டு பேர் பத்தாது தம்பி. இதை எங்க ஃபோர்மேன்கிட்ட யாரு சொல்றது?"