வீட்டுத் திண்ணையில் ஒரு பட்டறை

காலை ஆறு மணிக்கு நம் மண்ணூர்பேட்டைத் தெருக்களில் நடப்போர் ஒரு காட்சியைத் தவறாமல் காண்பர். சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிய ஆடவரும் பெண்டிரும் முதல் ஷிப்டுக்கு விரைந்துகொண்டிருப்பர். ஒருபுறம் பாடி, மறுபுறம் அம்பத்தூர் தொழிற்பேட்டை. 1960-இல் நிறுவப்பெற்ற வீல்ஸ் இந்தியா பாடியில் சக்கரங்களைச் செய்கிறது. 1961-இல் தோன்றிய லூகாஸ் டி.வி.எஸ். ஊர்திகளுக்கான மின்கருவிகளைச் செய்கிறது. சற்றுத் தொலைவில் ஆவடியில், 1965-இல் விஜயந்தா டாங்கி முதன்முதலாக உருண்டு வெளிவந்தது. நாட்டின் சாலைகளில் ஓடும் எத்தனையோ வண்டிகளின் உறுப்புகள் நம் வட்டாரத்து மக்களின் கைபட்டவை என்றால் அது மிகையன்று.

ஆயினும், அவர்தம் பிள்ளைகளிடம் “உன் தந்தை என்ன வேலை செய்கிறார்?” என்று கேட்டுப் பாருங்கள். “அப்பா கம்பெனிக்குப் போறாரு” என்பதற்கு மேல் பலருக்குச் சொல்லத் தெரிவதில்லை. இரவு ஷிப்ட் முடித்துத் தந்தை உறங்குகையில் பிள்ளை பள்ளிக்குப் போகிறது. பிள்ளை திரும்புகையில் தந்தை வேலைக்குப் புறப்படுகிறார். ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் தந்தையின் கைத்திறனைக் காணாமலே பிள்ளை வளர்ந்துவிடுகிறது. விளையாட்டுப் பொருளோ கடையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் வருகிறது. தீபாவளிக்குள் உடைந்தும் போகிறது.

இக்குறைக்கு நாம் கூறவிரும்பும் மருந்து மிக எளியது: தந்தையும் பிள்ளையும் சேர்ந்து ஒரு மரக்கார் செய்யுங்கள்.

இது நமக்குப் புதிதன்று. தமிழ்க் குழந்தை நடை பழகியதே தச்சர் செய்த மூன்று சக்கர நடைவண்டியைப் பிடித்துத்தான். காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் குதிரையின்றி உருட்டிய மூன்றுகால் சிறுதேரைப் பட்டினப்பாலை பேசுகிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதிப் பருவத்தின் பெயரே சிறுதேர்.

அயல்நாட்டிலும் ஒரு தொழிலாளத் தந்தை இதை உணர்ந்தார். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து மான்ஹாட்டன் பீச் என்னும் ஊரில், விமானத் தொழிற்சாலையில் பணியாற்றியவர் டான் மர்ஃபி. சாரணர் இயக்கத்தின் குருளையர் அணி ஒன்றுக்கு அவர் தலைவர். சிறுவர் தாமே ஏறி ஓட்டும் பெட்டி வண்டிப் பந்தயத்தில் சேர, அவருடைய பத்து வயது மகனுக்கு அகவை போதவில்லை. எனவே சிறிய பைன் மரக்கட்டையில் கார் செதுக்கி, சரிவுப் பாதையில் ஓடவிடும் பந்தயம் ஒன்றை அவர் வகுத்தார். முதல் பந்தயம் 1953 மே 15 அன்று நடந்தது. தந்தையும் மகனும் நெருங்கிவர வேண்டும் என்பதே அவர் நோக்கம். அப்பந்தயம் இன்றும் அந்நாட்டில் நடைபெறுகிறது. ஆனால் ஒரு குறையும் அதனோடு தொடர்ந்து வருகிறது: வெற்றி வேட்கையால் தந்தையரே காரைச் செய்து முடித்துவிடுகின்றனர், பிள்ளைகள் வேடிக்கை பார்க்கின்றனர்.

அமெரிக்கா வரை செல்வானேன்? இப்பிழைக்கு நாமே ஒருமுறை துணைபோனோம். சில ஆண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றிய வேறொரு பங்கில், கோடை விடுமுறையில் மரக்கார் போட்டி வைத்தோம். பளபளவென்று வண்ணம் பூசி, கதவு முதலாய்த் திறக்கும் ஒரு காருக்கு முதற்பரிசு அளித்தோம். பரிசு பெற்ற சிறுவன் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. தனியே அழைத்துக் கேட்டபோது, “ஃபாதர், அதை அப்பாதான் செஞ்சாரு. கெடுத்திடுவேன்னு என்னைத் தொடவே விடல” என்றான். அதே போட்டியில் ஒரு சிறுமியின் கார் நேராக ஓடாமல் இடப்பக்கமே சாய்ந்து ஓடியது. அவளோ, “அது அப்படித்தான் போகும் ஃபாதர். முன்பக்கத் துளையை நான்தான் போட்டேன்” என்று எல்லாரிடமும் பெருமையோடு சொல்லித் திரிந்தாள். அவளுக்கு நாம் ஆறுதல் பரிசுகூட அளிக்கவில்லை. எதற்குப் பரிசு தரவேண்டும் என்பதை அன்று நாம் அறியாதிருந்தோம்.

இனிச் செய்முறைக்கு வருவோம். 15 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலம், 4 செ.மீ. உயரம் கொண்ட கட்டை போதும். தச்சுப்பட்டறையில் கழித்த துண்டு நல்லது. தொழிற்பேட்டையில் கிடைக்கும் பேக்கிங் பெட்டிப் பலகைகளாயின், இரண்டை ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் பலகையில் குத்தியுள்ள முத்திரையைப் பாருங்கள். ‘எச்.டி.’ என்னும் ஆங்கில எழுத்துகள் இருப்பின் அது வெப்பத்தால் பதப்படுத்தப்பட்டது, பயன்படுத்தலாம். ‘எம்.பி.’ என்றிருப்பின் அது நச்சுப்புகையூட்டப்பட்டது. பிள்ளை கையில் தராதீர். எண்ணெயோ இரசாயனமோ சிந்திய கறை இருந்தாலும் தள்ளிவிடுக.

பிள்ளை தாளில் காரின் வடிவை வரையட்டும். வரைந்தபடியே கட்டையில் குறித்து, ரம்பம் பிடிக்கும் வேலையைத் தந்தை செய்க. சக்கரங்களைப் பலகையிலிருந்தே வட்டமாக வெட்ட வேண்டும். உருட்டுக் கட்டையைக் குறுக்காக அறுத்த வில்லைகள் எளிதில் பிளந்துவிடும். 4 செ.மீ. விட்டம் போதும். காம்பஸின் முள் பதிந்த புள்ளியே நடு, அங்கேயே துளையிடுக.

அச்சுக்கு 6 மி.மீ. கனமுள்ள உருண்டைக் குச்சி. சக்கரத்தின் துளையும் 6 மி.மீ. இருக்கட்டும். ஆனால் காரின் உடலில் இடும் துளை 7 மி.மீ. இருக்க வேண்டும். சக்கரம் அச்சோடு இறுகியிருக்க, அச்சு உடலுக்குள் சுழல்வதற்கு அந்த ஒரு மில்லிமீட்டர் இடைவெளி தேவை. மூலைமட்டம் வைத்து இருபுறமும் குறித்து, கட்டையை அசையாது பிணைத்து, கைத்துரப்பணத்தைத் தந்தை நிமிர்த்திப் பிடிக்க, கைப்பிடியைப் பிள்ளை சுற்றட்டும். துளை சற்றே கோணினாலும் கோணட்டும், கருவியைப் பிடுங்காதீர். பிள்ளை வளர்ப்பிலும் நாம் மறப்பது அந்த ஒரு மில்லிமீட்டரைத்தான். முழுதும் இறுக்கினால் சுழலாது. முழுதும் தளர்த்தினால் கழன்றுவிடும்.

உப்புத்தாள் தேய்ப்பது முழுக்கப் பிள்ளையின் வேலை. குடும்ப செபத்திற்கு ஏற்றிய மெழுகுவர்த்தியின் எஞ்சிய துண்டை அச்சின் நடுப்பகுதியில் தேய்த்தால், உராய்வு குறைந்து வண்டி இலகுவாக ஓடும். அதன்பின் அச்சின் முனைகளில் பசையிட்டுச் சக்கரங்களைப் பொருத்துக. வண்ணம் பூச விரும்பின் ஈயம் கலவாததையே வாங்குக. வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்னும் விதி 2017 நவம்பர் முதல் நடப்பில் உள்ளது. வீட்டு மூலையில் கிடக்கும் பழைய டப்பாவைத் திறவாதீர். மூன்று வயது நிரம்பாத குழந்தை வாயில் இடக்கூடும் என்பதால், கழன்றுவரும் சிறு உறுப்புகளை அதன் கைக்கெட்டாமல் வையுங்கள்.

நாசரேத்தில் இத்தகைய பட்டறை ஒன்று இருந்தது. மத்தேயு நற்செய்தி நம் ஆண்டவரைத் தச்சரின் மகன் என்கிறது. மாற்கு நற்செய்தியோ அவரையே தச்சர் என்கிறது. அவர் ஏரும் நுகமும் செய்தார் என 2-ஆம் நூற்றாண்டிலேயே புனித ஜஸ்டின் எழுதிவைத்தார். அத்தொழிலை அவருக்குக் கற்பித்தவர் புனித சூசையப்பரேயன்றி வேறு யார்? பிரான்சு நாட்டு ஓவியர் ஜார்ஜ் தெ லா தூர் 1640-களில் தீட்டிய ஓவியம் ஒன்று பாரிசின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் சூசையப்பர் குனிந்து ஓர் உத்திரத்தில் துளையிடுகிறார். சிறுவர் இயேசு மெழுகுவர்த்தியை ஏந்தி நிற்க, அதன் ஒளி அவர் விரல்களினூடே சிவந்து தெரிகிறது. உலகின் ஒளியானவர் தந்தையின் வேலைக்கு விளக்குப் பிடிக்கிறார். சூசையப்பரும் அவரை “விலகிப் போ” என்று சொல்லவில்லை.

1955-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். அன்று தொழிலாளர் தினம், ஆலை விடுமுறை, பள்ளியும் விடுமுறை. திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும் திண்ணையில் ஒரு பழைய சாக்கை விரித்து உட்காருங்கள். மகனாயினும் மகளாயினும் அருகே அமர்த்திக்கொள்ளுங்கள். தந்தை இல்லாத வீட்டில் தாயோ தாத்தாவோ தாய்மாமனோ அந்த இடத்தில் அமரலாம். வேலை நடக்கும்போதே, ஆலையில் நீங்கள் செய்யும் உறுப்பு எது, அது எந்த வண்டியில் எங்கே பொருந்துகிறது என்பதையும் சொல்லுங்கள்.

அன்று மாலை நம் தெருக்களின் வழியே வருவோம். எந்த வீட்டுக் கார் நேராக ஓடுகிறது என்று இம்முறை பார்க்கமாட்டோம். எந்தத் துளையை நீ போட்டாய் என்று பிள்ளையிடம் கேட்போம்.