தேக்கிலையும் கணிப்பொறிக் கோடும்

கோவை ஆர்.எஸ்.புரத்தில் மரங்கள் செறிந்த வனக்கல்வி வளாகம் ஒன்று உண்டு. 1902-இல் தொடங்கப்பெற்ற காஸ் வன அருங்காட்சியகம் அவ்வளாகத்திலேயே அமைந்துள்ளது. மரங்களைப் பற்றி அறிந்த ஆவலால் அப்பகுதி மாணவன் ஒருவன், தேக்கிலையைக் கணிப்பொறியில் கோட்டோவியமாக வரைய முற்படுகிறான் என்று கொள்வோம். அவனுக்கு முதற்கண் வேண்டுவது நல்ல மாதிரிப்படம்.

புகைப்படம் நுண்ணிய வண்ணப் புள்ளிகளின் திரள். பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகச் சிதறித் தோன்றும். வெக்டர் ஓவியம் அத்தகையதன்று. சில புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் வளைகோடுகளையும் அது கணக்கு வடிவில் காக்கிறது. ஆதலின், அஞ்சல்தலை அளவிலும் சுவர் அளவிலும் அதன் கூர்மை குன்றாது. அவ்வளைவுகளின் கணக்கை 1960-களில் பரப்பியவர், பிரான்சு நாட்டு ரெனோ நிறுவனப் பொறியாளர் பியேர் பெசியே ஆவார். மோட்டார் வண்டியின் உடலுக்கென எழுந்த கணக்கு தேக்கிலைக்கும் பயன்படுவது வியப்பே!

ஆயினும், கோடு கூர்மையாக இருப்பதனாலேயே அதிலுள்ள பிழையும் மெய்போலத் தோன்றிவிடும். சாய்வாகப் படம் பிடித்தால் இலையின் அருகுப்பகுதி பெருத்தும் மறுபகுதி சிறுத்தும் காணும். ஆகவே இலையைச் சமதளத்தில் பரப்பி, சற்று எட்ட நின்று, நேர்மேலிருந்து படம் பிடித்தல் வேண்டும். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்தல் நன்று. கடும் வெயில் ஆகாது. நிழலை நரம்பென்று மயங்க நேரும். இலையின் அடிப்புறத்தையும் தனியே படமெடுக்க வேண்டும். நரம்புகள் அங்கேதான் புடைத்து நிற்கும். தேக்கில் இலைகள் எதிரெதிராக இணைந்து தோன்றுவன. ஓரிலையின் படம் இதனைச் சொல்லாது. கிளையின் படமே சொல்லும். அஃதின்றி இலைகளை மாறி மாறி வரைந்துவிட்டால், அவ்வோவியத்தை நம்பி மரத்தை அறிய வருபவன் தடுமாறுவான்.

இனி, படத்தைக் கணிப்பொறியில் அடியடுக்கில் இட்டு, அளவுகோலைக் கொண்டு அளவு பொருத்தி, பாதி மங்கச் செய்து, அசையாதபடி பூட்டிவிட வேண்டும். மேலடுக்கில் வளைவு திரும்பும் இடங்களில் மட்டும் புள்ளி வைத்தால் போதும். புள்ளிகள் மிகுந்தால் கோடு நடுங்கும். அவ்வப்போது அடியடுக்கை மறைத்துப் பார்த்தால், வரைந்தது இலையாகத் தெரிகிறதா என்பது விளங்கும்.

மாதிரி இலையில் பூச்சி அரித்த துளை இருப்பின் அதனையும் வரைவதா? 1840-களில் கோவையில் பருத்தி ஆய்வுப் பண்ணை நடத்திய ராபர்ட் வைட், தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றி 2,000-க்கு மேற்பட்ட படங்கள் கொண்ட நூலை வெளியிட்டார். ரங்கையா, கோவிந்து என்னும் நம் நாட்டு ஓவியர் இருவர் அவருக்காகத் தாவரங்களை வரைந்தனர். அத்தகைய படங்கள் ஓரிலையின் தழும்பைக் காட்ட எழுந்தவை அல்ல. அவ்வினத்தின் இயல்பைக் காட்ட எழுந்தவை. கோவிந்துவின் பெயரையே ஓர் ஆர்க்கிடுப் பேரினத்துக்கு வைட் சூட்டினார்.

மாணவனும் துளையை விட்டுவிடலாம். ஆனால் அதனால் மறைந்த நரம்பு எவ்வாறு ஓடிற்று என்பதை ஊகித்து வரைதல் கூடாது. வேறு மூன்று நான்கு இலைகளைப் பார்த்துவர அவன் மீண்டும் மரத்தடிக்குச் செல்ல வேண்டியதுதான்.