மாதுளங்கிளையில் ஒரு பிழை

குழந்தைகளே! மாதுளம்பழம் ஒன்றை வரையச் சொன்னால் எப்படி வரைவீர்கள்? ஒரு வட்டம், தலையில் சின்னக் கிரீடம், உள்ளே சிவப்பு வண்ணம். வேலை முடிந்தது! வெட்டிய பழம் என்றால், வட்டத்துக்குள் நிறையப் புள்ளிகள் வைப்பீர்கள்.

நானும் அப்படித்தான் வரைந்தேன். நான்காம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. பை நிறைய மணிகளைக் கொட்டி வைத்ததுபோல, கரும்பலகையில் ஒரு மாதுளம்பழம் வரைந்தேன். மறுநாள் கடைசி வரிசைச் சிறுமி ஒருத்தி, செய்தித்தாளில் சுற்றிய அரைப் பழத்தை என் மேசைமேல் வைத்தாள்.

"டீச்சர், உள்ளே அறை அறையா இருக்கு. நீங்க சுவரே போடலையே!" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். வெளிர் மஞ்சள் சவ்வு, வீட்டுச் சுவர்போலப் பழத்தைப் பல அறைகளாகப் பிரித்திருந்தது. முத்துகளும் உருண்டையாக இல்லை. ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வளர்வதால் பட்டை பட்டையாக இருந்தன. எத்தனையோ முறை உரித்துத் தின்ற பழம்தான். ஆனால், அன்றுதான் அதைப் பார்த்தேன்! என் படத்தை அழித்துவிட்டு, அவளையே வரையச் சொன்னேன்.

மாதுளையை வரைந்த பெரிய ஓவியர் ஒருவரும் இப்படித் தவறியிருக்கிறார். அந்தக் கதையைக் கேளுங்கள்.

அவர் பெயர் மரியா சிபில்லா மெரியன். 1647-ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் பிறந்தார். மூன்று வயதில் தந்தையை இழந்தார். தாய் மறுமணம் செய்துகொண்டவர் ஓர் ஓவியர். அவரிடம் மரியா ஓவியம் கற்றார். 13 வயதிலேயே பட்டுப்புழுக்களை வளர்த்து, அவை மாறுவதைக் கவனித்து வரைந்தார். பூச்சிகள் சேற்றிலிருந்தும் அழுகிய பொருளிலிருந்தும் தாமாகவே தோன்றுகின்றன என்று பலர் நம்பிய காலம் அது! முட்டை, புழு, கூட்டுப்புழு, பட்டாம்பூச்சி என்று ஒவ்வொன்றையும் தம் கண்ணால் பார்த்து வரைந்தார் மரியா.

பெரியவரானதும் பெண்களுக்கு ஓவியமும் பூத்தையலும் கற்றுக்கொடுத்தார். அவர் வெளியிட்ட பூக்களின் படப் புத்தகம், துணியில் பூவேலை செய்பவர்களுக்கு மாதிரியாகப் பயன்பட்டது.

1699-ஆம் ஆண்டு, தம் 52-ஆவது வயதில், இளைய மகளை அழைத்துக்கொண்டு கப்பல் ஏறினார். போன இடம் தென் அமெரிக்காவிலுள்ள சுரினாம். அப்போது அது டச்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்தது. அங்கே காட்டில் வழி காட்டியதும், செடிகளையும் புழுக்களையும் கொண்டுவந்து கொடுத்ததும் அந்த மண்ணின் மக்களும், அடிமைகளாக்கப்பட்ட ஏழை மக்களும்தான். நோய் வாட்டியதால் 1701-இல் ஊர் திரும்பினார். 1705-இல், ஆம்ஸ்டர்டாம் நகரில் 60 படங்களோடு அவருடைய பெரிய புத்தகம் வெளிவந்தது.

அதில் இரண்டு படங்களில் மாதுளை இருக்கிறது. ஒன்றில், மாதுளங்கிளையோடு பளபளக்கும் நீல வண்ணத்துப்பூச்சி. அதன் இறகை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்த மரியா, கூரையில் ஓடு வேய்ந்ததுபோல இருக்கிறது என்று எழுதினார். எவ்வளவு சரி! இன்று சக்தி வாய்ந்த லென்சு பொருத்திய கேமராவில் படம் எடுத்தாலும், அந்த இறகில் வரிசை வரிசையாக ஓடுகள்தான் தெரிகின்றன. அவை நுண்ணிய செதில்கள். அந்த நீலம் சாயமே அல்ல. செதில்களின் அமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் தோன்றும் நிறம்.

இன்னொரு படத்தில், மாதுளங்கிளையில் சில்வண்டும், நீண்ட தலையுள்ள வேறொரு பூச்சியும் இருக்கின்றன. அந்த நீண்ட தலை இரவில் விளக்குபோல ஒளிரும், அதில் எழுத்துகளைக்கூடப் படிக்கலாம் என்று மரியா எழுதினார். சில்வண்டுதான் இந்தப் பூச்சியாக மாறுகிறது என்று அங்கிருந்தவர்கள் சொன்னதையும் சேர்த்துக்கொண்டார். சில்வண்டு உடலும் விளக்குத் தலையும் கொண்ட ஒரு பூச்சியையும் வரைந்துவிட்டார்!

உண்மையில் அப்படி ஒரு பூச்சி கிடையாது. அந்தத் தலையும் ஒளிராது. ஆனாலும், பின்னாளில் லின்னேயஸ் அதற்கு வைத்த அறிவியல் பெயரில் 'விளக்கு' ஒட்டிக்கொண்டது, இன்றும் அகலவில்லை.

இதனால் மரியா சிறியவராகிவிட்டாரா? இல்லவே இல்லை. ஜெர்மனி தன் 500 மார்க் நோட்டில் அவர் படத்தை அச்சிட்டுப் பெருமை சேர்த்தது. யூரோ வரும்வரை அந்த நோட்டு புழங்கியது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். புழு மாறுவதைக் கடைசிவரை காத்திருந்து பார்த்தபோது, உலகமே சொன்னதற்கு மாறாக அவர் சொன்னது சரியாக இருந்தது. பிறர் சொன்னதைச் சேர்த்து வரைந்தபோது, அவரும் தவறினார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். அம்மாவிடம் சொல்லி ஒரு மாதுளம்பழத்தை வெட்டித் தரச் சொல்லுங்கள். அதை ஜன்னல் ஓரம் வையுங்கள். வீட்டுக் கைப்பேசியில் ஒரு படம் எடுங்கள். பிளாஷ் வேண்டாம், ஈர முத்துகளில் பட்டு வெள்ளையாகத் தெறிக்கும். பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால், ஒவ்வொரு முத்தும் உள்ளிருந்து ஒளிர்வதுபோல இருக்கும். பிறகு பழத்தைப் பார்த்து வரையுங்கள். எத்தனை அறைகள், எண்ணினீர்களா? புத்தகத்தைக் கேட்காதீர்கள், டீச்சரையும் கேட்காதீர்கள். பழத்தைக் கேளுங்கள்!

வரைந்து முடித்ததும் சாப்பிட்டுவிடலாம்.