தேயாத உலோகம்

பெடாஸ் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் பாட்டி, விடுமுறைக்கு வீடு சென்ற என்னிடம், “வினையூக்கின்னு படிக்கிறியே, அது நாங்க பாலுல ஊத்துன அசிட்டு மாதிரியா?” என்று கேட்டார். தமிழ்ப்பள்ளியில் தமிழில் அறிவியல் கற்று, இடைநிலைப்பள்ளியில் வினையூக்கியை ‘மங்கின்’ என்று மனனம் செய்த எனக்கு உடனே விடை வரவில்லை.

பாட்டி சொன்னது ஃபார்மிக் அமிலம். பாலிலுள்ள ரப்பர்த் துகள்கள் எதிர்மின்னூட்டத்தால் ஒன்றையொன்று விலக்கி மிதக்கின்றன. அமிலம் அம்மின்னூட்டத்தை நீக்க, பால் உறைகிறது. ஊற்றிய அமிலம் அத்துடன் செலவாகிவிடும். வினையூக்கியோ வினையில் பங்கேற்றுவிட்டுப் பழைய நிலைக்கே திரும்பும்.

இதற்கு நல்ல சான்று ஹைட்ரோஃபார்மைலேற்றம். அல்கீனுடன் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் சேர்ந்து ஆல்டிஹைடு உருவாகும் இவ்வினையை 1938இல் ஜெர்மனியில் ஓட்டோ ரோலன் கண்டறிந்தார். தொடக்கத்தில் பயன்பட்ட கோபால்ட்டுக்கு 200 முதல் 300 வளிமண்டல அழுத்தம் தேவைப்பட்டது. 1970களில் ஃபாஸ்பீன் இணைந்த ரோடியம் தொழிற்சாலைகளுக்கு வந்தது. சுமார் 20 வளிமண்டல அழுத்தமும் 100 பாகை செல்சியசுமே போதுமாயின.

உலோகம் வேகத்தை மட்டும் கூட்டுவதில்லை. புரோப்பீனிலிருந்து நேர்ச்சங்கிலி, கிளைச்சங்கிலி என இருவகை ஆல்டிஹைடுகள் கிடைக்கும். நேர்ச்சங்கிலிக்கே தேவை அதிகம். ரோடியத்தைச் சூழ்ந்த பருத்த ஃபாஸ்பீன்கள் இடத்தை நெருக்குவதால், புரோப்பீனின் முனைக் கார்பனே உலோகத்தோடு எளிதில் இணைகிறது, நேர்ச்சங்கிலி மிகுகிறது.

ஆனால் ரோடியம் மிக அரிய உலோகம். விளைபொருளோடு சிறிது கலந்து போனாலும் பெருநட்டம். ஆகவே 1984இல் ஓபர்ஹவுசனில் ஒரு வழியை நடைமுறைப்படுத்தினர். நீரில் கரையும் ஃபாஸ்பீனை ரோடியத்துடன் இணைத்தனர். உருவான ஆல்டிஹைடு எண்ணெய்போல் மேலே பிரிந்து நிற்க, வினையூக்கி கீழே நீரிலேயே தங்கியது.

இந்த ஆல்டிஹைடுகள் ஆல்ககால்களாகி, சாயத்துக்கும் பிளாஸ்டிக்கை இளக்கும் பொருள்களுக்கும் மூலப்பொருளாகின்றன. நம் நாட்டிலும், 1997இல் அமைந்த பி.ஏ.எஸ்.எஃப்.–பெட்ரோனாஸ் கூட்டு நிறுவனம் பகாங் கெபேங்கில் இவ்வகை ஆல்ககால் ஆலையை நிறுவியது.

பாட்டியிடம், “அசிட்டு பாலோடயே போயிடும் பாட்டி, இது வேலைய முடிச்சிட்டுத் திரும்பிடும்” என்றேன்.

“அப்ப அது பால்வெட்டுற கத்தி மாதிரின்னு சொல்லு. ஆனா கத்தியும் மழுங்குமே?”

மழுங்கும். ரோடியமும் நாளடைவில் நச்சுக்கலப்பால் செயலிழக்கும். அதை மீட்டுப் புதுப்பிக்க வேண்டும். நான் விட்டுவிட்ட பாடத்தைப் பாட்டிதான் முடித்துவைத்தார். அந்த உரையாடல் தமிழில் நடந்ததால்தான் அது முடிந்தது.