இருதிரை மடிக்கணினி: ஒரு மதிப்பீடு

எழுதுமேசையின் அகலம் எழுதுவோரின் பணியை எவ்வளவு பாதிக்கின்றது என்பதை நூலொன்றினை மொழிபெயர்க்க முனைந்த எவரும் அறிவர். மூலநூலை ஒருபுறமும், அகராதியை மறுபுறமும், எழுதுந்தாளை நடுவிலும் விரித்து வைப்பதற்கு இடமிருப்பின் வேலை தடையின்றி நடைபெறும். இடமின்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைக்க நேரின், ஒவ்வொரு சொல்லுக்கும் மேலுள்ளதை அகற்றிக் கீழுள்ளதைப் பார்த்தல் வேண்டும். பார்த்ததை மனத்தில் நிறுத்திக்கொண்டு மீண்டும் தாளுக்குத் திரும்புதல் வேண்டும். மடிக்கணினியின் திரை இத்தகைய ஒடுங்கிய மேசையே ஆகும். மேசைக்கணினியில் வேலை செய்வோர் இரண்டு திரைகளை அருகருகே நிறுத்தி இக்குறையைத் தீர்த்துக்கொள்வர். கையில் எடுத்துச் செல்லும் கணினியிலும் அவ்வசதியை அமைக்க முயன்றதன் விளைவே இருதிரை மடிக்கணினி. அஃது உண்மையிற் பயன்தருவதா, அன்றி வெறும் புதுமைப்பொருளா என்பது ஆராயத்தக்கது.

இம்முயற்சி அண்மையில் தோன்றியதன்று. 2008ஆம் ஆண்டின் இறுதியில் லெனோவோ நிறுவனம் அறிவித்த திங்பாட் கணினியொன்றில், 17 அங்குலப் பெருந்திரையின் பின்னிருந்து 10.6 அங்குலச் சிறுதிரையொன்று பக்கவாட்டில் இழுத்து எடுக்கத்தக்கதாய் அமைந்திருந்தது. இரண்டாந் திரை கிடைத்தது. ஆயின் கணினியின் எடை ஏறத்தாழ 5 கிலோகிராமாயிற்று. 2010ஆம் ஆண்டில் தோஷிபா வெளியிட்ட லிப்ரெட்டோ என்னும் சிறுகணினியில் 7 அங்குலத் தொடுதிரைகள் இரண்டு இருந்தன. எடை குறைந்தது, ஆனால் விசைப்பலகை மறைந்தது. கண்ணாடிமீது விரலை வைத்துத் தட்டுவோர்க்கு விசையின் ஏற்றத்தாழ்வு புலப்படாமையால் நெடிது எழுதுதல் கடினமாயிற்று. 2019ஆம் ஆண்டில் தைவான் நாட்டு ஏசஸ் நிறுவனம் வெளியிட்ட ஸென்புக் புரோ டுவோவில், விசைப்பலகைக்கு மேற்புறமாக அகன்று குறுகிய திரையொன்று பதிக்கப்பட்டது. அதனால் விசைப்பலகை முன்விளிம்புவரை தள்ளப்பட்டது, மணிக்கட்டைத் தாங்கும் இடம் இல்லாதொழிந்தது, எடையும் 2.5 கிலோகிராமாயிற்று. அதே ஆண்டில் மைக்ரோசொவ்ற் நிறுவனம் அறிவித்த சேர்பஸ் நியோ என்னும் இருதிரைக் கருவி விற்பனைக்கு வராமலே கைவிடப்பட்டது. இரண்டாந் திரைக்கு இடந்தேடும்போது வேறொன்று தன் இடத்தை இழக்கின்றது என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடமாகும்.

2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அறிமுகமான ஸென்புக் டுவோ இச்சிக்கலுக்கு வேறொரு தீர்வை முன்வைத்தது. அதில் 14 அங்குலத் திரைகள் இரண்டு கீலினால் இணைக்கப்பட்டுள்ளன. விசைப்பலகை தனியே கழற்றத்தக்கது. அதனைக் கீழ்த்திரையின்மேல் வைப்பின் காந்தத்தினாற் பொருந்தி, கணினி வழக்கமான மடிக்கணினியாகின்றது; எடுத்து முன்னால் வைத்துக் கணினியை அதன் பின்புறத் தாங்கியில் நிறுத்துவோமாயின், இரு திரைகளும் மேலுங்கீழுமாக நிற்கின்றன; விசைப்பலகை புளூடூத் வழியே தொடர்ந்து இயங்குகின்றது. விசைப்பலகையுடன் எடை ஏறத்தாழ 1.65 கிலோகிராம். முன்னைய கருவிகள் கொடுத்த விலையைப் பெரும்பாலும் கொடாது இரண்டாந் திரையைப் பெற்றமையே இதன் சிறப்பாகும்.

பயனை நோக்குங்கால், முதலிற் கூறத்தக்கது எழுத்துப்பணி. ஏட்டுச்சுவடியின் நிழற்படத்தைப் பார்த்துப் பிரதிசெய்வோர், கணக்கேட்டைப் பார்த்து அறிக்கை எழுதுவோர், மாணவரின் விடைத்தாளைப் படித்துக் குறிப்பெழுதும் ஆசிரியர் ஆகிய யாவர்க்கும் பார்க்கும் பொருள் ஒன்று, படைக்கும் பொருள் ஒன்று. மேல்திரையில் முன்னையதும், கீழ்த்திரையிற் பின்னையதும் நிலைத்து நிற்குமாயின், கண் மட்டுமே நகர்கின்றது. நினைவு சுமை தாங்குவதில்லை. ஒருவரி விடுபடுதல், ஓரெண் மாறுதல் முதலிய பிழைகள் பெரும்பாலும் ஒன்றை மறைத்து மற்றொன்றைத் திறக்கும் இடைவெளியிலேயே நிகழ்வன. அவ்விடைவெளியை நீக்குவதே இரண்டாந் திரையின் முதற்பயன். மேல்திரை உயர்ந்து நிற்பதனாற் கழுத்தைத் தாழ்த்தாது படிக்கலாம் என்பதும் சிறு நன்மையன்று.

கலைப்பணியில் இப்பயன் மேலும் விரிகின்றது. திரைப்படத் துண்டுகளைத் தொகுப்போர் காட்சியை மேல்திரை முழுவதிலும் கண்டு, துண்டுகளின் வரிசையைக் கீழ்த்திரையில் நீளமாக விரிக்கலாம். ஓவியர் திரையைத் தட்டையாக விரித்து மின்பேனாவால் ஒன்றில் வரைந்து, மாதிரியை மற்றொன்றில் வைக்கலாம். உயர்வகை மாதிரியின் ஒவ்வொரு திரையிலும் குறுக்கே 2880, நெடுக்கே 1800 என ஏறத்தாழ 52 இலட்சம் புள்ளிகள் உள. ஒவ்வொரு புள்ளியும் சேதனப் பொருளாலான ஒளிகாலும் இருவாயியாதலின் தானே ஒளிர்வது. கருமை வேண்டுமிடத்து முற்றாக அணைவது. ஆகவே நிழலும் நிறமும் ஆழமாகத் தோன்றுகின்றன.

குறைகளும் உள. சேதன இருவாயித் திரையில் ஒரே உருவம் நெடுங்காலம் அசையாது நிற்பின் அதன் சுவடு படிந்துவிடக்கூடும். வழவழப்பான கண்ணாடியில் யன்னல் வெளிச்சம் பிரதிபலித்து நிறத்தைக் கெடுக்கும். தனியான வரைகலைச் செயலி இன்மையால் கடினமான திரைப்படவேலை மெதுவாகவே நடைபெறும். நினைவகம் பலகையிற் பற்றவைக்கப்பட்டிருத்தலின் பின்னர் கூட்டவும் இயலாது. மின்கலவடுக்கு 75 உவாற்று மணித்தியாலம் கொண்டது. கணினி 10 உவாற்று நுகரின் ஏழரை மணித்தியாலம் உழைக்கும். இரண்டாந் திரையின் ஒளியால் அது 15 உவாற்றாக உயருமாயின் ஐந்து மணித்தியாலமே உழைக்கும். யாவற்றினும் மேலாக, இரு திரைகளையும் நிமிர்த்தி வைப்பதற்கு ஆழமான சமமேசை வேண்டும். பேருந்திலோ, மடிமீதோ, விரிவுரை மண்டபத்தின் ஒடுங்கிய பலகைமீதோ அது கூடாது. எங்கும் எடுத்துச் செல்லலாம். ஆயின் எங்கும் விரிக்க இயலாது.

எனவே, இக்கருவியை வாங்க எண்ணுவோர் ஆராயவேண்டியது கருவியின் வேகத்தையன்று, தம் பணியின் இயல்பையே. ஒரு மணித்தியால வேலையில் இரு பொருள்களுக்கிடையே எத்தனைமுறை திரும்புகின்றோம் என எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும். பலமுறை திரும்புவோரும், பல இடங்களில் அமர்ந்து பணிசெய்வோரும் ஆயின் இஃது உற்ற துணை. ஒரே அறையில் வேலை செய்வோர்க்கு வழக்கமான மடிக்கணினியும், அதனுடன் இணைத்த தனித்திரையொன்றும் குறைந்த செலவில் அதே பயனைத் தரும். கட்டுரையொன்றைத் தொடர்ச்சியாக எழுதுவோர்க்கு ஒரு திரையே போதும்.

இறுதியாக ஒன்று. இரண்டாந் திரை வெறுமையாயிருப்பதில்லை. மூலநூலை அதில் வையாவிடின், கடிதங்களும் செய்திகளும் வந்து அமரும். அப்பொழுது நினைவின் சுமையைக் குறைக்க வந்த கருவி கவனத்தைச் சிதறடிக்கும் கருவியாகும். பணிக்குரியது மட்டும் விரிந்திருக்கும்போதே மேசையின் அகலம் பயன்தரும். இருதிரைக் கணினிக்கும் இதுவே பொருந்தும்.