சருகு வாராத மலை

ஜப்பானின் பழைய தலைநகரான கியோட்டோவுக்கு வடமேற்கே தம்பா என்ற மலைநாடு இருக்கிறது. எண்பது ஆண்டுகளுக்கு முன் அந்தப் பக்கத்து ஊர்களில் விடிந்ததும் மூங்கில் வாரியும் முதுகுக் கூடையுமாக ஆட்கள் மலையேறுவார்கள். சிவப்புப் பைன் மரங்களின் அடியில் ஊசி ஊசியாக உதிர்ந்து கிடக்கும் சருகை வாரிக் கூடையில் திணித்துக்கொண்டு இறங்குவார்கள். பைன் சருகில் பிசின் உண்டு, தீக்குச்சியைக் காட்டினால் குப்பென்று பற்றும். அடுப்பு மூட்ட அதுதான். குளியல் தொட்டியின் வெந்நீருக்கும் அதுதான். மிச்சம் எருக்குழிக்குப் போய் மக்கி வயலுக்குப் போகும்.

வருடம் முழுக்க இப்படி வாரி வாரி, பைன் மரத்தடி கூட்டிப் பெருக்கிய முற்றம்போல் வெறிச்சென்று இருக்கும். வெளிர்மணல் தெரியும். புரட்டாசி கழியும் நேரத்தில் அந்த வெறுந்தரையை முட்டிக்கொண்டு மட்சுதாகே காளான் எழும். 'மட்சு' என்றால் பைன், 'தாகே' என்றால் காளான். யாரும் விதைத்ததில்லை. சருகுக்காகப் போனவர்களுக்குக் காளான் கொசுறு.

1941இல் ஜப்பானின் மலைகளிலிருந்து இறங்கிய மட்சுதாகே சுமார் 12,000 டன். 2019இல் கிடைத்தது 14 டன். அன்று ஓர் ஆண்டில் கிடைத்ததில் ஆயிரத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டிய அளவு. காட்டை வெட்டிவிட்டார்களா என்றுதான் நமக்குக் கேட்கத் தோன்றும். வெட்டவில்லை. அந்த மலைகள் அன்றைவிட இன்று பசுமையாகவே இருக்கின்றன. சிக்கலே அந்தப் பசுமையில்தான்.

மட்சுதாகே குப்பையைத் தின்று வளரும் காளான் இல்லை. நாம் சந்தையில் வாங்கும் சிப்பிக்காளானுக்கு வைக்கோல் போதும், ஷீடாகே காளானுக்கு ஒரு மரக்கட்டை போதும். இதற்கு உயிருள்ள மரம் வேண்டும். அதன் இழைகள் பைன் மரத்தின் நுனிவேர்களை உறைபோலப் போர்த்திக்கொள்கின்றன. மணலிலிருந்து நீரையும் தாதுக்களையும் உறிஞ்சி வேருக்குக் கொடுத்து, இலையில் சமைத்த சர்க்கரையை மரத்திடமிருந்து வாங்கிக்கொள்கின்றன. கொடுக்கல் வாங்கல் ஒழுங்காக நடந்தால் மண்ணுக்கடியில் வெள்ளைப் பாய்போல ஓர் இழைப்பரப்பு உருவாகும். ஊர்க்காரர்கள் அதை 'ஷிரோ' என்கிறார்கள். ஜப்பானிய மொழியில் அந்த ஒலிக்கு வெள்ளை என்றும் பொருள், கோட்டை என்றும் பொருள். கோட்டை ஆண்டுக்குப் பத்து, பதினைந்து சென்டிமீட்டர் என்று வெளிப்பக்கமாக நகரும். மண்ணின் சூடு 19 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கும்போது அதன் விளிம்பில் வட்டம் கட்டிக் காளான்கள் முளைவிடும்.

இந்தக் கோட்டைக்குச் சத்தான மண் ஆகாது. சருகு குவிந்து மக்கினால் வேறு பூஞ்சைகளும் நுண்ணுயிர்களும் குடியேறிவிடும். அவற்றோடு மல்லுக்கட்டும் வலு மட்சுதாகேக்கு இல்லை. ஏழை மண்ணில்தான் அதற்கு ராஜ்ஜியம். அந்த ஏழை மண்ணை உண்டாக்கியதும் மனிதர்கள்தான். கோயில்களுக்கும் மாளிகைகளுக்கும் மட்பாண்டச் சூளைகளுக்கும் நூற்றாண்டுக் கணக்கில் மரம் வெட்டியதில் கியோட்டோவைச் சுற்றியிருந்த அகன்ற இலை மரங்கள் போயின. மொட்டை மலையில் முதலில் காலூன்றிய மரம் சிவப்புப் பைன். அதன் வேரைப் பிடித்துக்கொண்டு வந்தது காளான். எட்டாம் நூற்றாண்டின் 'மன்யோஷு' தொகுப்பிலேயே இதன் மணத்தைப் பாடியதாகக் கொள்ளப்படும் ஒரு பாட்டு இருக்கிறது. ஊரை ஒட்டி, ஊராரின் கை பட்டே உருவான இத்தகைய மலைக்காட்டை ஜப்பானியர் 'சதோயாமா' என்பார்கள், ஊர்மலை என்று சொல்லலாம்.

அன்று காளான் பறிப்பதற்கு ஒரு பக்குவம் இருந்தது. நின்றபடி தேடினால் கண்ணில் படாது. குனிந்து, கன்னம் தரையைத் தொடும் அளவுக்குச் சாய்ந்து பார்க்க வேண்டும். மணல் எங்காவது விரலளவு புடைத்திருக்கும், தரையில் மயிரிழை விரிசல் ஓடியிருக்கும். பக்கத்தில் விரல்களை இறக்கி, தண்டின் அடியை நெம்பி, லேசாகத் திருகி எடுக்க வேண்டும். குடை விரியாமல், அடிப்பக்கச் சவ்வு கிழியாமல் வருவது முதல் தரம். எடுத்த குழியை மணலால் மூடி உள்ளங்கையால் அழுத்திவிட்டுத்தான் எழுவார்கள். அடியிலிருக்கும் கோட்டை காய்ந்துவிடக் கூடாது, அடுத்து வருகிறவன் கண்ணில் குழி படவும் கூடாது. மட்சுதாகே முளைக்கும் இடத்தைப் பெற்ற பிள்ளைக்கும் சொல்லாதே என்பது அங்கே வழக்கு. மணத்துக்கு மட்சுதாகே, ருசிக்கு ஷிமெஜி காளான் என்று ஒரு பழமொழியும் உண்டு. பட்டையின் வாசனையும் ஈர மண்ணின் வாசனையும் கலந்தாற்போன்ற அந்த மணம், சோற்றோடு சேர்த்து வேகவைத்தால் வீடு முழுக்க நிற்கும். இறைச்சி வாங்க முடியாத நாளில் சுகியாகி சட்டியை மட்சுதாகே போட்டு நிரப்பினோம் என்று வயதானவர்கள் இன்றும் சொல்வதுண்டு.

1950களின் பிற்பாதியில் காஸ் அடுப்பு வந்தது. மண்ணெண்ணெய் வந்தது, மூட்டை மூட்டையாக ரசாயன உரம் வந்தது. சுள்ளி பொறுக்கப் போன நம் பாட்டிகளை சிலிண்டர் வீட்டில் உட்காரவைத்த அதே கதைதான். புகையில்லாத சமையலறையை யார் வேண்டாம் என்பார்கள்? மூங்கில் வாரி கொட்டகையில் சாய்ந்தது. இளைஞர்கள் ஒசாகாவுக்கும் டோக்கியோவுக்கும் வேலைக்குப் போனார்கள். மலையில் சருகு முழங்கை ஆழத்துக்கு ஏறியது. பைன் மரத்தடியில் புதரும் ஓக் கன்றுகளும் தலைதூக்கி, வெயிலில் வளரும் பைனை நிழலில் தள்ளின.

போருக்குப் பிந்தைய மரத்தேவைக்காக அரசு மலை மலையாக சுகி, ஹினோகி மரங்களை நடவைத்தது. இரண்டும் ஊசியிலை இனம்தான், ஆனால் இரண்டின் வேரும் மட்சுதாகேயோடு சேராது. கூடவே இன்னொரு எதிரி. 1905 வாக்கில் நாகசாகிப் பக்கம் பைன் மரங்கள் காரணம் தெரியாமல் சிவந்து சாகத் தொடங்கியிருந்தன. வட அமெரிக்காவிலிருந்து வந்த, ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாத நூற்புழுதான் காரணம் என்று 1971இல்தான் உறுதியானது. வண்டு ஒன்றின் உடலில் ஏறி மரத்துக்கு மரம் போகும் அது, நீர் செல்லும் பாதையை அடைத்து ஒரே பருவத்தில் முழு மரத்தையும் காயவைக்கும். நோய் உச்சத்தில் இருந்த 1979இல் மட்டும் 24 லட்சம் கன மீட்டர் பைன் மரம் மடிந்தது. மரம் போனால் கோட்டையும் போகும்.

இன்றைய மட்சுதாகே, பெரணி இலை விரித்த சிறு பெட்டியில் நாலைந்து படுத்திருக்க, நகைக்கடைப் பொருள்போல விற்பனைக்கு வருகிறது. உள்நாட்டு முதல் தரம் கிலோ ஒரு லட்சம் யென்னைத் தொடுவதுண்டு. சந்தையில் இருப்பதில் பெரும்பகுதி இறக்குமதி. சீனாவின் யுன்னான் மலைகளிலிருந்து நிறைய வருகிறது. 1964இல் நாகதானியென் நிறுவனம் மட்சுதாகே சுவை கொண்ட சூப் பொட்டலத்தைக் கொண்டுவந்தது. வெந்நீர் ஊற்றினால் மணம் எழும், மணம் செயற்கை. காளானைக் கண்ணால் பார்க்காமலே அந்த வாசனையைப் பழகிய தலைமுறை ஒன்று அதோடு வளர்ந்தது.

பண்ணையில் வளர்க்கலாமே என்று நூறாண்டுக்கு மேலாக முயல்கிறார்கள். இழையை ஆய்வகத்தில் வளர்க்க முடிகிறது, நாற்றின் வேரில் ஏற்றவும் முடிகிறது. கடைக்குப் போகும் அளவில் காளானாக எழவைக்க முடியவில்லை. இதன் நெருங்கிய உறவினன் ஒன்று ஓக் மரத்தடியில் வளரும். பருவம் தப்பிச் சீக்கிரமே முளைப்பதால் ஊரார் வைத்த பெயர் 'முட்டாள் மட்சுதாகே'. 2018இல் டாகி கெமிக்கல் நிறுவனம் அதை மரமே இல்லாமல் முழுக்கச் செயற்கையாக வளர்த்துக் காட்டியது. முட்டாள் வசப்பட்டுவிட்டான், கெட்டிக்காரன் இன்னும் மலையை விட்டு இறங்கவில்லை.

ஆகவே காப்பாற்ற வேண்டியது மலையைத்தான் என்ற முடிவுக்கு வந்தவர்கள் உண்டு. அவர்களில் ஒருவர் ஃபுமிஹிகோ யோஷிமுரா. வடக்கே இவாதே மாநிலத்தின் இவாய்சுமியில் மட்சுதாகே ஆய்வில் ஆண்டுகள் கழித்த அவர், 2005இல் கியோட்டோவின் இவாகுரா பகுதியில் 'மட்சுதாகே சிலுவைப்படை' என்று வேடிக்கையாகப் பெயர் சூட்டி ஒரு தொண்டர் இயக்கத்தைத் தொடங்கினார். வாளுக்குப் பதில் ரம்பமும் வாரியும். புதரை வெட்டுகிறார்கள், அகன்ற இலை மரங்களைக் குறைக்கிறார்கள், அரை நூற்றாண்டுச் சருகை மணல் தெரியும்வரை வாருகிறார்கள். அதிகம் விளையும் நாகானோ மாநிலத்தில், மலைச்சரிவைக் கயிறு கட்டிப் பிரித்துப் பருவத்துக்கு ஏலம் விடும் வழக்கம் இன்னும் தொடர்கிறது.

2020இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தன் சிவப்புப் பட்டியலில் மட்சுதாகேயை அழிவாய்ப்புள்ள இனமாகச் சேர்த்தது. அழியும் இனம் என்றதும் வேலி போட்டு ஆளை வெளியேற்றுவது நமக்குப் பழகிய வைத்தியம். இங்கே ஆள் வெளியேறியதுதான் நோய். ஆனால் சருகு வாருவதை எல்லா ஊருக்கும் மருந்தாக எழுதவும் முடியாது. அமெரிக்காவின் ஒரிகன் காடுகளில் இதன் வேறோர் இனம் முளைக்கிறது. அங்கே பறிப்பவர்கள் வாரியால் தரையைக் கிளறுவதற்குத் தடை. காளானைத் தேடி அவசரமாகக் கிளறினால் அடியிலிருக்கும் இழை அறுந்துபோகும். கருவி ஒன்றுதான். தம்பாவில் அது காளானைத் தேடி வந்ததில்லை, சருகைத் தேடி வந்தது.

பைன் கன்று ஒன்று மட்சுதாகேக்கு இடம் கொடுக்க இருபது, முப்பது ஆண்டு ஆகும். வார இறுதியில் வாரியோடு மலையேறும் தொண்டர்களில் பலர் பணி ஓய்வு பெற்றவர்கள். தங்கள் கணக்கில் அந்த ஆண்டுகள் மீதி இல்லை என்று தெரிந்தே சருகை வாருகிறார்கள். சரிவு துப்புரவானதும் அடிவாரத்தில் ஆளுயரத்துக்கு ஒரு குவியல் நிற்கிறது. அன்று ஊரே அந்தக் குவியலுக்காகத்தான் மலையேறியது. இன்று அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. எரிப்பதற்கு யார் வீட்டிலும் அடுப்பு இல்லை.